குடித்த அளவும் கொடுத்த அளவும்

மது விற்பனைக் கணக்கைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் புரட்டுகிறார்கள்: ஒருவர் எத்தனை பாட்டில் வாங்கினாரோ, அத்தனைதான் அவருக்கு வேண்டியிருந்தது. கடைக்கு வருகிற எவரும் காசைக் கொடுத்து எதையும் வாங்கலாம் என்றிருக்கும்வரை இந்த முடிவில் பெரிய பிழை வந்துவிடாது. ஆனால் வாங்குகிறவரின் பெயருக்கு நேரே ‘இவருக்கு இவ்வளவுதான்’ என்று யாரோ எழுதி வைத்துவிட்டால், விற்பனை எண்ணில் அவருடைய விருப்பத்தோடு எழுதியவரின் தீர்ப்பும் கலந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் பெயர்பெற்ற ஒயின் ஆலைகள் பலவும் இன்று இப்படித்தான் விற்கின்றன. பட்டியலில் இருப்பவருக்கு ஆண்டுக்கு இத்தனை பாட்டில், கிளப் உறுப்பினருக்கு முன்னுரிமை, காத்திருப்போருக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று வாடிக்கையாளர்கள் அடுக்கப்படுகிறார்கள். இந்த அடுக்கை விற்பனைத் தரவில் எப்படிப் பதிவது என்பது கணக்குப் பிரிவின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாடே ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருக்கிறது. அனுமதியைக் கணக்கில் கொள்ளாமல் விற்பனையை வாசித்தால், சரக்கைப் பற்றி மட்டுமல்ல, மனிதர்களைப் பற்றியும் தவறாகத் தீர்ப்பு எழுத நேரும் என்பதே அந்த நாட்டின் அனுபவம் தரும் பாடம்.

அந்த நாடு ஸ்வீடன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே குடியானவர்கள் வீட்டிலேயே சாராயம் காய்ச்சினார்கள். 1855இல்தான் அந்த உரிமை சட்டப்படி நீக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து யோட்டெபோரி நகரம் சாராயச் சில்லறை விற்பனையை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. லாபம் தனியாருக்குப் போகாமல் ஊருக்குப் போனால் குடிக்கத் தூண்டும் கை இருக்காது என்பது அதன் கணக்கு. மதுவிலக்கு இயக்கத்துக்கு அது போதவில்லை. 1909இல் நடந்த பொது வேலைநிறுத்தத்தின்போது அரசு மது விற்பனையை நிறுத்தி வைத்தது. அந்த நாட்களின் அமைதியைக் கண்ட இயக்கத்தினர் நாடு முழுவதும் தாங்களாகவே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முழு மதுவிலக்கு வேண்டும் என்றனர். அந்த வேகத்துக்கு எதிரே நின்றவர் இவான் பிராட் என்ற மருத்துவர். எல்லோருக்கும் தடை போட்டால் கள்ளச்சாராயம் பெருகும், எல்லோருக்கும் திறந்துவிட்டால் குடும்பங்கள் அழியும் என்று வாதிட்ட அவர், மூன்றாவது வழியொன்றை வைத்தார். சரக்கைக் கட்டுப்படுத்துவதைவிட வாங்குகிறவரை அறிந்து கட்டுப்படுத்துவதே அந்த வழி. 1914இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய அவருடைய முறை, 1917இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே நாடு முழுவதும் பரவியது. 1922 ஆகஸ்டில் மதுவிலக்கு பற்றிய அதிகாரபூர்வ வாக்கெடுப்பு நடந்தபோது 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றும் 49 சதவீதம் பேர் வேண்டும் என்றும் வாக்களித்தனர். அந்த மெல்லிய வெற்றியின் பலத்தில் பிராட்டின் முறை நிலைத்தது.

அம்முறையின் உயிர்நாடி ‘மூட்பூக்’ என்னும் சிறு ஏடு. அதைப் பெற விரும்புகிறவர் மது நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வயது, தொழில், வருமானம், வரி பாக்கி, குடும்பநிலை, குடித்துவிட்டுக் காவல்துறையிடம் சிக்கிய பழைய வழக்குகள் எல்லாம் விசாரிக்கப்படும். தேவையானால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அக்கம்பக்கத்திலும் வேலையிடத்திலும் கேட்டறிவார்கள். அதன் பிறகுதான் ஏடு கிடைக்கும், அதில் மாத அளவும் குறிக்கப்படும். சாராய வகைகளுக்குத் தொடக்கத்தில் உச்சவரம்பு மாதம் 4 லிட்டர். அது உச்சவரம்பு மட்டுமே. பலருக்குக் கிடைத்தது அதைவிட வெகுவாகக் குறைவு. ஒருவர் தன் ஏடு பதிவான ஒரே கடையில்தான் வாங்க முடியும். ஒவ்வொரு முறையும் கையெழுத்திட வேண்டும், கையெழுத்து ஒப்பிடப்படும், வாங்கியது பதியப்படும். திருமணம், இழவு, ஐம்பதாவது பிறந்தநாள் போன்ற விசேஷங்களுக்குக் கூடுதல் அளவு கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் ஊர் ரேஷன் கார்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு மட்டும் பெரிது: ரேஷன் கார்டு குடும்பத்தின் தேவையை அளக்க முயல்கிறது, மூட்பூக் மனிதரின் தகுதியை அளந்தது.

தகுதியை அளக்கப் புகுந்த ஏடு, சமூகம் ஏற்கெனவே வைத்திருந்த தராசையே கடன் வாங்கியது. வசதியும் நிலையான தொழிலும் உள்ள ஆணுக்கு அதிகம், கூலித் தொழிலாளிக்குக் குறைவு. மணமான பெண்ணுக்குத் தனி ஏடே கிடையாது. கணவரின் ஏடு வீட்டுக்கே போதும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். மணமாகாத பெண்ணுக்குக் கிடைத்தாலும் அளவு மிகச் சிறியது. உணவகத்தில் சாப்பாடு வாங்கினால்தான் மது ஊற்றுவார்கள். அங்கும் பெண்ணுக்கான அளவு ஆணுக்கானதில் பாதிதான். 1922 வாக்கெடுப்பில் ஆண், பெண் வாக்குகள் தனித்தனியே எண்ணப்பட்டன. பெண்களில் பெரும்பான்மையினர் முழு மதுவிலக்கையே ஆதரித்திருந்தார்கள். தங்கள் வாக்கு தோற்றபின் நிலைத்த முறையில் அவர்கள் பெரும்பாலும் ஏட்டுக்கு வெளியே நின்றார்கள். இப்போது அந்தக் கடைகளின் விற்பனைக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். செல்வர் நிறைய வாங்குகிறார், தொழிலாளி கொஞ்சம் வாங்குகிறார், மனைவி எதுவுமே வாங்குவதில்லை. இதைக் கொண்டு மூவரின் குடிப்பழக்கம் பற்றி அவர் எழுதும் ஒவ்வொரு வரியும், உண்மையில் அளவு நிர்ணயித்த அதிகாரியின் மனப்போக்கைப் பற்றிய வரியாகவே இருக்கும். பூஜ்யம் என்ற எண்ணுக்கு அங்கே இரண்டு பொருள் இருந்தன: வாங்க விரும்பாதவர், வாங்க விடப்படாதவர். விற்பனைக் கணக்கு இருவரையும் ஒரே கட்டத்தில் வைத்தது.

இதே ஏட்டில் ஒயினுக்குக் கொடுக்கப்பட்ட இடம் இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. சாராயத்துக்கு இருந்ததுபோல் ஒயினுக்கு மாத அளவு குறிக்கப்படவில்லை. சாராயத்தைவிட ஒயின் குறைந்த கேடு தருவது என்பது பிராட்டின் கருத்து. ஆனால் ஒயின் வாங்கவும் ஏடு வேண்டும், கொள்முதலும் கண்காணிக்கப்பட்டது, மிகையாகத் தோன்றினால் விசாரணை வரலாம். அதாவது ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு விதமான அனுமதி நிலைகள் ஒரே நேரத்தில் இருந்தன: ஒன்று எண்ணால் கட்டப்பட்டது, மற்றொன்று எண்ணின்றிக் கண்ணால் கட்டப்பட்டது. முதலாவதில், வரம்பை எட்டியதும் கொள்முதல் சட்டென்று நிற்கும். கணக்கைப் பார்த்தாலே சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டாவதில் சுவர் வெளியே தெரியாது. எவ்வளவுக்குமேல் போனால் கேள்வி வரும் என்று ஊகித்து வாங்குகிறவர் தாமே கையை அடக்கிக்கொள்ள நேரும். அந்த அடக்கம் கணக்கில் ‘குறைந்த தேவை’ என்றே தெரியும். எழுதப்பட்ட வரம்பைவிட எழுதப்படாத வரம்புதான் தரவை அதிகம் குழப்புகிறது. இன்றைய ஒயின் ஆலைகளில் ‘நல்ல வாடிக்கையாளர்’ என்ற வாய்மொழி அடையாளத்தின்பேரில் யாருக்கேனும் கூடுதல் பெட்டி போகிறதென்றால், அங்கும் நிகழ்வது இதுதான்.

எழுதப்பட்ட வரம்பும் அப்பாவியானதல்ல. அது நடத்தையை அளப்பதோடு நில்லாமல் நடத்தையை உண்டாக்கவும் செய்தது. மாதம் இவ்வளவு என்று அதிகாரபூர்வமாகக் குறித்துக் கொடுக்கும்போது, அந்த அளவு தனக்குத் தகும் என்று அரசே ஒப்புக்கொண்டதாக ஒருவர் எண்ணுவது இயல்பு. முன்பு எப்போதாவது குடித்தவர்கூட, ஒதுக்கப்பட்டதை விடுவானேன் என்று முழு அளவையும் வாங்கினார். தமக்குத் தேவையில்லாதவர்கள் வாங்கிப் பிறருக்கு விற்கும் கள்ளச் சந்தையும் வளர்ந்தது. 1944இல் அமைக்கப்பட்ட மது ஒழுங்குக் குழு பல ஆண்டுகள் இந்த முறையை ஆராய்ந்தது. யாருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அவர் எவ்வளவு வாங்கினார் என்ற இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒதுக்கீடே கொள்முதலை இழுத்துச் செல்வது புலப்பட்டது. விற்பனை எண்களை மட்டும் நம்பியிருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. மூட்பூக்கைக் கைவிடும் தீர்மானம் அந்த ஆய்வின் மேல்தான் கட்டப்பட்டது. 1955 அக்டோபர் 1 அன்று மூட்பூக் ஒழிக்கப்பட்டது. ஊர்தோறும் இருந்த நிறுவனங்கள் ‘சிஸ்டம்போலாகெட்’ என்ற ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஏடு ஒழிந்த உடனே சாராய விற்பனை உயர்ந்தது. குடிபோதைக் கைதுகள் கடுமையாக அதிகரித்தன. அரசு விரைந்து வரியை உயர்த்த வேண்டியதாயிற்று. அப்படியானால் ஏடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிற்காலத்தில் கல்லீரல் இழைநார் நோய் மரணங்களையும் விற்பனையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த தூர் நூர்ஸ்ட்ரெம் போன்ற ஆய்வாளர்கள், பங்கீட்டு முறை மிகையாகக் குடிப்பவர்களை உண்மையிலேயே அடக்கி வைத்திருந்தது என்ற முடிவுக்கே வந்தார்கள். பல உயிர்களை அது காத்திருக்கக்கூடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஆய்வு எதைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். வரம்பு நீங்கியபின் உயர்வு எல்லோரிடமும் ஒரே அளவில் நிகழவில்லை. முன்பு வரம்பு யாரை இறுக்கியிருந்ததோ அவர்களிடம் வேறாகவும், யாரைத் தொடவே இல்லையோ அவர்களிடம் வேறாகவும் நிகழ்ந்தது. மொத்த விற்பனை எத்தனை சதவீதம் உயர்ந்தது என்ற ஒற்றை எண் இதைச் சொல்லாது. அனுமதி நிலையோடு சேர்த்து வாசித்தால்தான் முறையின் நன்மையும் தெரியும். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, அதற்கு வலுவே சேர்க்கிறது. ஏட்டைக் குறை சொல்பவருக்கும் புகழ்பவருக்கும் தேவைப்படும் சான்று ஒன்றேதான்.

அட்லாண்டிக் கடலின் மறுகரையிலும் இதே பாடம் வேறொரு கசப்போடு எழுதப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1916இல் வந்த மதுவிலக்குச் சட்டம் உள்ளூர்த் திராட்சையிலிருந்து செய்த ஒயினுக்கு விலக்கு அளித்தது; நயாகரா வட்டாரத்து ஆலைகள் மதுவிலக்குக் காலத்திலும் விற்றன. 1927இல் மதுவிலக்கு நீங்கி மாகாண மதுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தபோது, குடிமக்கள் 2 டாலர் கட்டி ஆண்டு பர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் போன்ற சிறு ஏட்டில் ஒவ்வொரு கொள்முதலும் குறிக்கப்பட்டது. கடை ஊழியரே அதைப் பார்த்து, வந்தவரின் வருமானத்துக்கு இது மிகையா என்று எடைபோட்டார். மது மறுக்கப்பட வேண்டியோரின் பட்டியல் கடைகளுக்கு அனுப்பப்பட்டது. பெயர்களைப் பிரித்து அடுக்கத் துளை அட்டை இயந்திரங்கள்கூடப் பயன்பட்டன. பூர்வகுடி மக்களுக்கோ நடத்தையைப் பார்த்தல்ல, பிறப்பைப் பார்த்தே அனுமதி மறுக்கப்பட்டது. அவர்களை ‘இந்தியர்’ என்றழைத்த கனடா நடுவண் அரசின் இந்தியர் சட்டம் அதற்குத் துணை நின்றது. அச்சட்டத்தில் பூர்வகுடிகளை மட்டும் குடிபோதைக்காகத் தண்டித்த பிரிவை 1969இல் ட்ரைபோன்ஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஒன்டாரியோ பர்மிட் 1962இல் முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கடைக் கணக்குகளில் பூர்வகுடியினரின் கொள்முதல் அநேகமாக வெற்றிடம். அந்த வெற்றிடத்தை அவர்களின் விருப்பமாக வாசிப்பவர் அநீதியை இரண்டாம் முறை எழுதுகிறார்.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னர் அது சென்னை மாகாணம் முழுவதும் விரிந்தது. பொதுமக்களுக்கு மது மூடப்பட்ட அந்த ஆண்டுகளில் பர்மிட் பெற்றவர்களுக்கு அயல்நாட்டு மது வகைகள் கிடைத்தன. குஜராத்தில் இன்றுவரை உடல்நலப் பர்மிட் நடைமுறையில் இருக்கிறது. வயதைப் பொறுத்து மாத அளவு கூடுகிறது. பர்மிட் கடைகளின் விற்பனையைக் கொண்டு ஒரு மாநிலத்தின் குடியை அளந்தால் என்ன கிடைக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்தும் டாஸ்மாக்கின் கணக்கில் கடையும் தொகையும் உண்டு, வாங்கியவரின் பெயர் இல்லை. அங்கே ஆளுக்கு ஆள் அனுமதி நிலை இல்லாததால் இந்தச் சிக்கலே எழாது என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மையல்ல. எந்த ஊரில் எத்தனை கடை, எந்த நேரம் திறப்பு என்பதெல்லாம் இடத்துக்குக் கொடுத்த அனுமதிகள்தாம். கடை மூடப்பட்ட ஊரில் விற்பனை பூஜ்யம் என்பதால் அந்த ஊர் குடியை விட்டுவிட்டது என்று எவரும் எழுதமாட்டார்கள். பக்கத்து ஊர்க் கடையின் கணக்கையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஊருக்குக் காட்டும் இந்தப் பொது அறிவைத் தனி மனிதர் விஷயத்திலும் காட்ட வேண்டும் என்பதே இங்கே கோருவது.

இனி ஒயின் ஆலைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 2005இல் கிரான்ஹோம் வழக்கில் உச்ச நீதிமன்றம், உள்மாநில ஆலைகள் நுகர்வோருக்கு நேரடியாக அனுப்ப விட்டுவிட்டு வெளிமாநில ஆலைகளுக்கு மட்டும் தடை போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நேரடி விற்பனை விரிய விரிய, முன்பு மொத்த வியாபாரிக்கு அப்பால் யார் குடிக்கிறார் என்றே அறியாதிருந்த ஆலைகள் பெயர் பெயராக வாடிக்கையாளரை அறியத் தொடங்கின. பெயர் தெரிந்த இடத்தில் அடுக்கு வந்துவிடுகிறது. இது தனியார் வியாபாரம், விருப்பமில்லாதவர் வேறு ஆலைக்குப் போகலாம், ஓர் அரசின் தண்டனை ஏட்டோடு இதை ஒப்பிடுவது தகாது என்று சொல்வார்கள். அதிகாரத்தின் அளவில் ஒப்புமை இல்லை என்பது சரி. கணக்கின் இயல்பில் ஒப்புமை உண்டு. ஒதுக்கிய பாட்டில்களை இந்த ஆண்டு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு பட்டியலில் இடம் போய்விடும் என்ற அச்சத்தில் வாங்குகிறவர், முழு அளவையும் வாங்கிய ஸ்வீடன்காரரைப் போலவே நடந்துகொள்கிறார். அவர் வாங்கியது ஒயினையா, பட்டியலில் தன் இடத்தையா என்று விற்பனை எண் சொல்லாது. அதை ரசனை என்று வாசித்து அடுத்த ஆண்டு உற்பத்தியையும் விலையையும் தீர்மானிக்கும் ஆலை தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

ஆகவே ஒவ்வொரு விற்பனையோடும் மூன்று செய்திகள் சேர்ந்திருக்க வேண்டும்: அன்றைய தினம் வாங்கியவருக்கு இருந்த அனுமதி என்ன, அதை யார் கொடுத்தார், எந்தக் காரணத்துக்காக. ‘அன்றைய தினம்’ என்பது இதில் மிக முக்கியம். வாடிக்கையாளர் மேல் அடுக்குக்கு மாறியதும் பழைய அடுக்கை அழித்துப் புதியதை எழுதிவிட்டால், காத்திருப்புப் பட்டியலில் அவர் கழித்த ஆண்டுகளெல்லாம் ஆர்வமின்மையாகத் திரிந்துவிடும். இவ்வளவையும் பதிவது மேலும் ஒரு கண்காணிப்பு ஆகாதா என்ற கவலை நியாயமானது. மூட்பூக்கின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்தக் கவலை வந்தே தீரும். ஆனால் கொள்முதலைப் பதிவது வாங்குகிறவரைக் கண்காணிப்பது. அனுமதியைக் காரணத்தோடு பதிவது கொடுக்கிறவரைக் கண்காணிப்பது. முதலாவது ஏற்கெனவே எல்லா இடத்திலும் நடக்கிறது. இரண்டாவது இல்லாத இடத்தில்தான் தொழிலாளி, மனைவி, பூர்வகுடி ஆகியோரின் வெற்றுக் கட்டங்கள் அவர்களுடைய குணமாகவே எழுதப்பட்டுவிடுகின்றன. வாடிக்கையாளரைத் தரம் பிரிக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறவர், பிரித்ததற்கான பொறுப்பையும் அதே கணக்கில் எழுதி, கேட்பவருக்குக் காட்டக் கடமைப்பட்டவர்.